ஒரு டயாலிசிஸ் இடம், இரண்டு பேர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நடுத்தர மருத்துவமனை ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். எம்பிஏ படிப்பில் பயன்வாதம் (அதிகம் பேருக்கு அதிக நன்மை தருவதே சரி என்பது), தத்துவவாதி கான்ட்டின் கடமைக் கோட்பாடு எல்லாம் இருந்தது. போன மாதம் எங்கள் டயாலிசிஸ் பிரிவில் ஒரே ஒரு இடம் காலியானது. வரிசையில் முதலில் இருந்தவர் 60 வயதைத் தாண்டியவர், தனியாள், சொன்ன நாளில் வரமாட்டார். அடுத்தவர் 35 வயதுப் பெண். பெரிய மகள் ஐந்தாம் வகுப்பு, சின்னவனை இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. இடத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. எந்தக் கோட்பாட்டின்படி நான் செய்தது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தோழிக்கு,

என் அப்பா நான்கு வருடம் டயாலிசிஸில் இருந்தார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். ராத்திரி படுக்கும்முன் அவர் இடக்கை ஃபிஸ்டுலாமேல் (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) விரல் வைத்துப் பார்ப்பேன். உள்ளே ரத்தம் அதிர்ந்தால் நிம்மதி. ஒருமுறை மெஷின் பழுதாகி இரண்டு நாள் தள்ளிப்போனது. மூன்று தலையணை வைத்தும் படுக்க முடியாமல் விடியவிடிய உட்கார்ந்தே இருந்தார். ஒரு ‘இடம்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1962-ல் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்புவரை டயாலிசிஸைத் திரும்பத் திரும்பச் செய்ய வழியில்லை. ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டும். 1960-ல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் கையிலேயே நிலையாக இருக்கும் டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். முதல் நோயாளி அதற்கப்புறம் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். செய்தி பரவியது, மெஷின்களோ சில. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய 7 பேர் குழு: பாதிரியார், வக்கீல், வங்கிக்காரர், தொழிற்சங்கத் தலைவர், அரசு அதிகாரி, குடும்பத்தலைவி, அறுவை மருத்துவர். கல்யாணமானவரா, எத்தனை பிள்ளை, சொத்து எவ்வளவு, என்ன படிப்பு, என்ன வேலை, சர்ச்சுக்குப் போகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனால் தங்களைப் போல வாழ்ந்தவர்களுக்கே அவர்கள் கை நீண்டது என்று பின்னால் கடுமையான விமர்சனம் வந்தது.

பயன்வாதம் உங்கள் பக்கம் பேசும். தாய் பிழைத்தால் பிள்ளைகளும் பிழைப்பார்கள். அந்தக் கணக்கை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதை விதியாக்கினால், அடுத்த மாதமும் பிள்ளையில்லாதவர் கடைசிக்குப் போவார், அதற்கடுத்த மாதமும் போவார். மனிதருக்கு விலை போட முடியாது என்று கான்ட் குறுக்கே நிற்பது இங்கேதான். நான் கான்ட் பக்கம். யாருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, அதுதான் முதலில். அது சமமென்றால் வரிசை. அந்தப் பெண்ணின் நிலை மோசமாக இருந்து கொடுத்திருந்தால் சரி. பிள்ளைகளுக்காக என்றால், மன்னியுங்கள், சரியில்லை. பெரியவர் சொன்ன நாளில் வராததற்கு பஸ் காசு, துணைக்கு ஆளில்லாமை என்று ஏதாவது இருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா?

முழுப் பழியையும் உங்கள்மேல் போட எனக்கு மனமில்லை. சியாட்டில் குழுவின் வேலையை முடித்துவைத்தது ஒரு சட்டம். 1972-ல் சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய எல்லோருடைய டயாலிசிஸ் செலவையும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும்படி அமெரிக்காவில் சட்டம் வந்தது. பணம் வந்ததும் மெஷின்கள் பெருகின. உங்கள் பிரிவில் எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது? இரவு ஷிஃப்டுக்கு ஒரு டெக்னீஷியனையும் நர்சையும் போட்டால் கூடுதலாக எத்தனை பேர் வரலாம்? திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கையோடு இந்தக் கணக்கை நிர்வாகக் கூட்டத்தில் வையுங்கள். வரிசை விதியையும் டாக்டர்களோடு உட்கார்ந்து எழுதி, நோயாளிகள் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். நீங்கள் தனியாக முடிவெடுக்கும் நிலை இன்னொருமுறை வரக்கூடாது.

அப்புறம், உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணின் மகள் எந்த வகுப்பு என்பதுவரை இருக்கிறது. பெரியவர் இப்போது எங்கே டயாலிசிஸ் செய்துகொள்கிறார் என்பது இல்லை. இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். எங்கும் கிடைக்கவில்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரித்து நீங்களே பதிவு செய்து கொடுங்கள்.