கரியன் என்று அந்த வீட்டில் யாரும் இல்லை

கேள்வி: அன்புள்ள டீச்சர், நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். நாங்கள் ஆறு பேர் ஓர் ஓநாய்க் கூட்டம். சிரிக்காதீர்கள். பகலில் மாணவர்கள், பௌர்ணமி இரவில் ஓநாய்கள் என்று ஒரு தொடர்கதையை இரண்டு வருடமாகச் சேர்ந்து எழுதுகிறோம். ஆளுக்கொரு ஓநாய்ப் பெயர் உண்டு. மாதாமாதம் பௌர்ணமியன்று முட்டம் பாறையில் கூடி, எழுதியதை வாசிப்போம். கூட்டத்தின் ரகசியம் வெளியே போகக்கூடாது என்பது முதல் சட்டம். வீட்டில் யாருக்கும் தெரியாது. ரெக்கார்ட் எழுதத் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்பேன் நான். லைப்ரரிக்கு என்பான் கரியன். அவன்தான் எங்கள் ஆல்ஃபா, தலைமை ஓநாய். பங்குனிப் பௌர்ணமியன்று திரும்பும் வழியில், ஓரமாக நின்ற லாரியில் பைக் மோதி இறந்துவிட்டான். லைப்ரரிக்குப் போனவன் ராத்திரி பத்து மணிக்கு அந்த ரோட்டுக்கு ஏன் வந்தான் என்று அவன் அம்மா எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தெரியாது என்று சொல்லிவிட்டோம். ஊரில் குடி என்கிறார்கள், பெண் விவகாரம் என்கிறார்கள். கூட்டத்தில் சாம்பல் என்பவன், இனி தானே ஆல்ஃபா, சத்தியத்தை மீறக்கூடாது என்கிறான். முதலாமாண்டு படிக்கும் குட்டி, 'நானும் அவன்கூடப் போயிருக்கணும்' என்று ராத்திரியில் மெசேஜ் போடுகிறாள். கதை நோட்டு என்னிடம் இருக்கிறது. 14-ஆம் அத்தியாயத்தில் கரியன் தன் அப்பாவைப் பற்றி எழுதியதை அவர்கள் படித்தால் தாங்கமாட்டார்கள். உண்மையைச் சொல்லலாமா? நோட்டைக் கொடுக்கலாமா? கதையில் அவனைச் சாகடிப்பதா, உயிரோடு விடுவதா?
– பெயர் வேண்டாம், கல்குளம் வட்டம். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: மக்களே, நான் சிரிக்கவில்லை. நீ எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாய், இரண்டு தடவை படித்தேன்.

முதலில் குட்டி. உன் மற்ற கேள்விகளெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. அவள் மெசேஜைப் பார்த்து அழுகிற பொம்மை போட்டுவிட்டுத் தூங்கப் போகாதே. இன்றைக்கே நேரில் போய்ப் பார். செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதே, அவள் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடு. அவளுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. 14416 என்பது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து நீயே போட்டுக் கொடு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. உங்கள் கூட்டத்தின் முதல் சட்டம் இந்த இடத்தில் செல்லாது.

சரி, இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். கேட்காமல் விட்டது ஒன்று நான்காம் பக்கத்து ஓரத்தில், பேனா மாற்றி எழுதியிருக்கிறது: 'என்னை எங்கள் முக்கில் இறக்கிவிட்டுத்தான் போனான்.' அதற்கு முன்னாலும் பின்னாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் வழக்கமாகப் போகாத அந்த ரோட்டுக்கு அன்றைக்கு ஏன் வந்தான் என்ற அம்மாவின் கேள்விக்குப் பதில் நீதான், இல்லையா? இப்போது நீ வாய் திறந்தால், ஊர் இதுவரை முகமில்லாமல் பேசிக்கொண்டிருந்த 'பெண் விவகார'த்துக்கு உன் முகத்தை ஒட்டிவிடும். உன்னை அழுத்துவது சாம்பல் சொல்கிற சத்தியம் இல்லை, இந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பில்லை. பயப்பட வேண்டிய விஷயம்தான். ராத்திரி ஒன்பதரைக்குக் கடற்கரையிலிருந்து ஒரு பையனின் பைக்கில் வந்த பெண்ணை நம் ஊர் என்ன சொல்லும் என்று எனக்கும் தெரியும். ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போ என்று சொன்னால் அது ஏமாற்று.

ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் வீட்டுக் கதை ஒன்று. என் அண்ணன் பம்பாயில் வயரிங் வேலை பார்த்தான். 1986-இல் ஒருநாள் ராத்திரி ரோட்டைக் கடக்கும்போது வண்டி அடித்து இறந்துபோனான். தந்திதான் வந்தது. அந்நேரத்தில் அங்கே அவனுக்கு என்ன வேலை என்று கூட இருந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. ஊர் விடுமா? சீட்டு என்றது, சாராயம் என்றது, அங்கே ஒரு குடும்பம் வைத்திருந்தான் என்றும் சொன்னது. அம்மா எதற்கும் பதில் சொல்லமாட்டாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். பதினோரு வருடம் கழித்து, அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் ஊருக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் சொன்னார்: இரண்டு பேருமாக ராத்திரி ஆட்டம் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தோம். அவ்வளவுதான். மகன் படம் பார்த்துவிட்டு வந்து செத்தான் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டே பதினோரு வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். 'படத்துக்கா போனான்?' என்று கேட்டு அம்மா சிரித்துவிட்டாள். அடுத்து, 'சாப்பிட்டானா?' சாப்பிட்டான், மீன் குழம்பு ருசியே இல்லை என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டான் என்றார் அவர். அந்த மீன் குழம்பை அம்மா சாகும்வரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. நல்லவர்தான். ஆனால் பதினோரு வருடம்!

நீங்கள் அவன் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மௌனத்தில் ஊர் தன் கதையை எழுதிக்கொண்டிருக்கிறது, அதற்கு நோட்டுகூட வேண்டாம். அந்த அம்மா தினமும் படிப்பது அதைத்தான்.

எப்படிச் சொல்வது? நேராக அவன் வீட்டுக்குப் போகாதே. முதலில் உன் அம்மாவிடம் சொல். அடுப்படியில் கிழங்கு நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, கை வேலையில் இருக்கும்போது சொல். முகத்துக்கு நேரே பார்த்துச் சொல்வதைவிட அது லேசு. திட்டு விழும், போன் பறிபோகலாம். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டு நிலவரம் உனக்குத்தான் தெரியும். அடி விழும் அளவுக்கு இருந்தால் முதலில் உன் பேச்சை நம்புகிற ஒரு சித்தியிடமோ, கல்லூரியில் ஒரு பேராசிரியையிடமோ சொல். யாராக இருந்தாலும், அவன் வீட்டுப் படி ஏறும்போது உன் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தனியாகப் போன பெண்ணைப் பற்றிப் பேசுகிற வாய், அம்மாவோடு துக்கம் விசாரிக்கப் போன பெண்ணைப் பற்றிப் பேசக் கொஞ்சம் யோசிக்கும். கூட்டத்தில் இன்னொருவரும் வரட்டும், ஐந்து பேருமாகப் போய் நிற்க வேண்டாம். சாம்பல் வரமாட்டேன் என்றால் விடு.

சாம்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபா, ஆல்ஃபா என்று நீயும் பன்னிரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதினார். அவை பதவிக்கு அடித்துக்கொண்டன, வென்றது தலைமை ஓநாய் என்று. கூண்டில் அடைத்தால் யார்தான் அடித்துக்கொள்ளமாட்டார்கள்? அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் தன் புத்தகத்தில் அதைப் பரப்பியவர். அவரே பிற்பாடு காட்டு ஓநாய்களோடு வருடக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டு, 1999-இல் மாற்றி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். தாய், தகப்பன், பிள்ளைகள். தலைமை என்பது பெற்றோராக இருப்பது, அவ்வளவே. ஆகவே சாம்பலிடம் சொல்: காலியான நாற்காலி எதுவும் அங்கே இல்லை. அவனும் பாவம், துக்கத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதிகாரமாக வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் கேட்கிற சத்தியம் விளையாட்டுக்குப் போட்டது. ஆடியவர்களில் ஒருவன் செத்தபிறகு, அதை அவனைப் பெற்றவள்மேல் போடமுடியாது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆஸ்திரியாவில் மனிதர்கள் வளர்த்த ஓநாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் நடக்கக் கூட்டிப்போனால் மற்றவை ஊளையிட்டன. போனது தனக்கு நெருங்கியதாக இருந்தால் கூடுதலாக ஊளையிட்டன. நிலாவுக்கும் அதற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. நீங்கள் ஐந்து பேரும் பங்குனியிலிருந்து ஒருவர் முன் ஒருவர் அழவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஓநாய் என்று பெயர் மட்டும் வைத்தால் போதுமா? (நம் மலையில் ஓநாயே கிடையாது, செந்நாய்தான். அது ஊளையிடாது, விசிலடிக்கும். உங்கள் கதையில் கீரிப்பாறைக் காட்டில் ஊளை கேட்கிற இடத்தை யாராவது திருத்துங்கள்.)

அவன் வீட்டில் என்ன பேசுவது? கடிதம் முழுக்க அவனைக் கரியன் என்றே எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் கரியன் என்று யாரும் இல்லை. அவர்கள் வைத்த பெயரைச் சொல்லிப் பேசு. எங்கே போனான், ஏன் போனான், என்ன சாப்பிட்டான் என்று சொல். மரச்சீனிக் கிழங்கும் கட்டஞ்சாயாவும் என்று உன் கடிதத்தில் இருக்கிறது, அதைக் கண்டிப்பாகச் சொல். அன்றைக்குக் கடைசி வரை எதற்குச் சிரித்தான் என்று சொல். உன்னை முக்கில் இறக்கிவிட்டதையும் சொல். குடிக்கவில்லை என்பதை ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் போதும். 'எங்களால்தான் செத்தான்' என்று மட்டும் சொல்லாதே. அது உண்மையும் இல்லை. வளைவில், மழையில், விளக்குப் போடாமல் டாரஸ் லாரியை நிறுத்திவிட்டுப் போன ஓர் ஆள் இருக்கிறான், அவன் பங்கை நீ சுமக்கவேண்டாம். அதோடு, நீ அப்படிச் சொன்னால் அந்த அம்மா தன் துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

அவர் கோபப்படலாம். மூன்று மாதம் என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னாயே என்று கேட்கலாம். கேட்டால் கேட்டுக்கொள். அன்றைக்கே மன்னிப்பு கிடைக்கவேண்டும் என்று காத்து நிற்காதே, எழுந்து வந்துவிடு.

நோட்டை அன்றைக்கே எடுத்துப் போகவேண்டாம். இப்படி ஒரு நோட்டு இருக்கிறது, அதில் அப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கிறான், எப்போது வேண்டுமோ சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வா. கேட்கும்போது முழுசாகக் கொடு. உங்களுக்கு வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 14-ஆம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் யோசித்திருக்கிறாய் என்று தெரிகிறது. கிழிக்காதே. அவன் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் என்றாய். மகனைத் தமிழ் படிக்க விடவில்லை, வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாய். அந்த அத்தியாயத்திலிருந்து நீ எடுத்துக் காட்டிய வரி இது: 'மூன்று மணி இருட்டில் மரத்துக்கு மரம் நகர்கிற ஒற்றைக் கண், எங்கள் எல்லாரையும்விட மூத்த ஓநாய்.' மக்களே, அது தலையில் கட்டிய விளக்கு. விடியுமுன் தோட்டத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைதான் அப்படி எழுதுவான். கூட்டத்தில் மூத்த ஓநாய் யார் என்று இப்போதுதானே பேசினோம்? அப்பாவை வெறுத்து எழுதினான் என்று நீங்கள் எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? அந்த மனிதர் படிக்கவேண்டிய பக்கம் ஏதாவது அந்த நோட்டில் உண்டென்றால் அது இதுதான்.

கதையில் அவனைச் சாகடிப்பதா என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல ஆசை, ஆனால் அது உங்கள் எழுத்து. ஒன்று மட்டும். நம் மாவட்டத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பாய். அகாலமாய்ச் செத்தவர்கள், அநியாயமாய்க் கொல்லப்பட்டவர்கள் கதைதான் பாதிக்கு மேல். பாடுகிறவர் சாகும் இடத்தை விழுங்கிவிட்டுப் போவதில்லை. அங்கேதான் வில்லில் அடி கூடும், குடம் அதிரும், சாமி வரும். ஆனால் அதைப் பாட ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் அந்த நேரம் வரவில்லை. கதையை இப்போதைக்கு அப்படியே விட்டு வையுங்கள்.

ஆடி அமாவாசை வருகிறது. அவன் வீட்டார் வாவுபலிக்கு, அதாவது இறந்தவர்களுக்குத் தர்ப்பணம் செய்ய, குழித்துறை ஆற்றங்கரைக்குத்தான் வருவார்கள் என்று நினைக்கிறேன். மகனுக்குப் பலி போட அந்த அம்மா கரையில் உட்காரும்போது, அவன் கடைசியாக எங்கிருந்து வந்தான் என்று தெரிந்து உட்காரட்டும். அதற்கு முன் போய்விட்டு வா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடினவர்கள் ஓர் அமாவாசைக்கும் போய்க் கூட்டத்தின் பின்னால் நிற்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

கடிதத்தோடு மூன்றாம் அத்தியாயத்தின் நகலை அனுப்பியிருந்தாய். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஓநாய் ஏறி உட்கார, கண்டக்டர் வாலைத் தூக்கி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு முழு டிக்கெட் கிழிக்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யார் எழுதியது என்று நீ சொல்லவில்லை. அவன் எழுதியது என்றால், நோட்டைக் கொடுக்கும் அன்று அந்த இடத்தை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.