துணிக்கு காவல் இருக்கிற கூட்டாளி

கேள்வி: அக்கா, நாங்க அஞ்சு பேரு பள்ளிக்கூடத்துல இருந்தே ஒரே செட்டு. ஞாயித்துக்கெழமைனா குறுக்குத்துறையில குளியல், அப்படியே டவுனுக்கு வந்து ஆளுக்கு நூறு கிராம் அல்வா. எங்கள்ல ஒருத்தன் வாயத் தொறந்தாலே சிரிப்புதான். போன ஐப்பசில அவன் அப்பா தவறிட்டாவ, காரியம் முடிஞ்ச மூணாம் நாளே எங்கள சிரிக்க வச்சிட்டான், நாங்களும் சரி தேறிட்டான்னு விட்டுட்டோம். ஆனா இப்போ ரெண்டு மூணு மாசமா ஆத்துக்கு வாரான், தண்ணில எறங்க மாட்டுக்கான், "நான் துணிக்கு காவல்லே, நீங்க போங்க"ன்னு சொல்லிக்கிட்டு படியில உக்காந்துக்கிடுதான். ராத்திரி மூணு மணிக்கு குரூப்புல மீம்ஸ் போடுதான். போன வாரம் ஆசையா கட்டியிருந்த வாட்ச்ச கழட்டி என் தம்பி கையில கட்டிவிட்டு "நீயே வச்சுக்கோடே"ன்னுட்டான். நான் சும்மா பெருசுபடுத்துதேனா? கேட்டா கோவிச்சுக்கிடுவானோ?
- ஒரு வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: தம்பி, நீ பெருசுபடுத்தவே இல்ல, இவ்வளவு கவனிச்சிருக்கியே அதுக்கே ஒன்ன கட்டிப்பிடிக்கணும் போல இருக்கு. எல்லாரும் அவன் சிரிப்பத்தான் பாத்திருக்காவ, நீ அவன் எறங்காத தண்ணிய பாத்திருக்க.

ரொம்ப புடிச்ச விஷயம் புடிக்காம போறது, தூக்கம் கெடுறது, சாப்பாடு எறங்காதது, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சாலே டாக்டருங்க மனச்சோர்வா இருக்குமோன்னு பாப்பாங்க. அப்பா போன துக்கமாவும் இருக்கலாம், அத நீயும் நானும் முடிவு பண்ண முடியாது. அல்வா கடையில அவன் பங்க அவன் திங்கானா, இல்ல பொட்டலத்தோட அடுத்தவன் கையில குடுத்துருதானான்னு யோசிச்சுப் பாரு. அவன் சிரிப்பு பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். செட்டுல எல்லாரும் அவன்கிட்ட எதிர்பாக்கது அது ஒண்ணத்தான், வீட்டுலயோ அம்மா இவன் மொகத்த பாத்துத்தான் நாள தள்ளுதாவளா இருக்கும், அப்போ அவன் எங்க போய் அழுவான் சொல்லு?

எனக்கு பதறுனது அந்த வாட்ச்லதான். ஆசப்பட்ட பொருள திடீர்னு தூக்கி குடுக்கிறத லேசா எடுக்கக்கூடாது. அதனால ஞாயித்துக்கெழமை வரைக்கும் காத்திருக்காத, இன்னைக்கு சாயங்காலமே அந்த வாட்ச்ச எடுத்துக்கிட்டு தனியா போ. செட்டோட போகாத, நாலு பேர் நின்னா அவன் ஜோக்குதான் அடிப்பான். பைக்ல பின்னாடி உக்கார வச்சு வயக்காட்டுப் பக்கமா ஓட்டு, மொகத்த மொகம் பாக்காம இருந்தா சில பேச்சு தன்னால வரும். "ஏம்ல சோகமா இருக்க"ன்னு கேக்காத, இல்லையேம்பான், முடிஞ்சுது. நீ பாத்தத மட்டும் சொல்லு, "மக்கா, நீ தண்ணில எறங்க மாட்டுக்க, மூணு மணிக்கு முழிச்சிருக்க, வாட்ச்ச குடுத்துட்ட, எனக்கு பயமா இருக்குடே"ன்னு. சிரிச்சு மழுப்புனாலும் விடாத, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு இன்னொரு தடவ கேளு.

செத்துரலாம்னு தோணுதாடேன்னு நேராவே கேக்கலாம், கேக்கதுனால அந்த எண்ணம் புதுசா வந்துராது, ஒருத்தன்கிட்டயாவது சொல்லிட்டோம்னு பாரம் கொறையத்தான் செய்யும். ஆமான்னு சொன்னா அவன ஒத்தையில விடாத, ரகசியமா வச்சுக்கிடுதேன்னு சத்தியமும் பண்ணாத, வீட்டுல நம்பிக்கையான பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லு. 14416 டெலி மானஸ் நம்பர், மனசு கஷ்டத்துக்கு பேசி உதவி கேக்க அரசாங்கம் வச்சிருக்கது, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் தமிழ்லயே பேசலாம், நீயே கூட போட்டு என்ன செய்யன்னு கேக்கலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, நீ கூடவே போய் சீட்டு வாங்கிக் குடு. மாத்திரை எழுதுனா அது பிடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும், நாலு நாள்ல "ஒண்ணும் கேக்கலடே"ன்னு நிப்பாட்டப் பாப்பான், அப்போ பக்கத்துல நீ வேணும். மனச ஆத்துதேன்னு பாட்டில் மட்டும் தொறந்துராதீங்க, அது இருக்கத இன்னும் கெடுக்கும்.

ஞாயித்துக்கெழமை ஆத்துக்குப் போனா நீயும் தண்ணில எறங்காத. அவன் பக்கத்துல படியில உக்காரு, துணிய வேற எவனாவது பாத்துக்கிடட்டும். என்ன ஆச்சுன்னு எனக்கு எழுது தம்பி, காத்துக்கிட்டு இருப்பேன்.