பார்ட்ஸ்டவுனா, லூயிவில்லா? போர்பன் பயணக் கேள்வி பதில்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்கு, போர்பன் என்ற மக்காச்சோள விஸ்கி காய்ச்சும் டிஸ்டில்லரிகளை (ஆலைகளை) பார்க்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எங்கே தங்குவது? வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, சிகாகோவிலிருந்து நாலு பேர் வர்றோம். மூணு ராத்திரி. லூயிவில்லிலேயே இருந்துடலாமா?

வண்டி ஓட்டப்போவது யார் என்று முதலில் முடிவு பண்ணுங்க தம்பி. தினமும் ஒருத்தர் குடிக்காமல் இருக்கச் சம்மதித்தால் இரண்டு ராத்திரி பார்ட்ஸ்டவுன், கடைசி ராத்திரி லூயிவில். யாரும் சம்மதிக்கவில்லையா, மூன்றும் லூயிவில்தான். அங்கே மெயின் ஸ்ட்ரீட்டில் எவன் வில்லியம்ஸ், ஓல்ட் ஃபாரெஸ்டர், மிக்டர்ஸ், ஏஞ்சல்ஸ் என்வி என்று டிஸ்டில்லரிகள் எல்லாமே நடந்து போகிற தூரம். பார்ட்ஸ்டவுன் தெற்கே சுமார் 40 மைல். ஊருக்குள் காலாற நடக்கலாம், ஆனால் டிஸ்டில்லரிகள் ஊரைச் சுற்றி வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஊபர் கொண்டுபோய் விட்டுவிடும். திரும்பி வரக் கூப்பிட்டால் வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

சிட்டியிலேயே டிஸ்டில்லரி இருக்கும்போது சின்ன ஊருக்கு எதுக்கு சார் போகணும்?

பீப்பாய்களை ஊறவைக்கும் கிடங்குக்காக. போர்பனில் பாதிக்கு மேல், அதாவது 51 சதவீதமாவது, மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்ளே கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வேண்டும். சட்டம் அப்படி. காய்ச்சி இறக்கும்போது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். நிறமும் பாதி ருசியும் அப்புறம் மரம் கொடுப்பது. லூயிவில்லில் இந்தக் கதையை அழகாகச் சொல்வார்கள். ஓல்ட் ஃபாரெஸ்டரில் பீப்பாய்க்குள் தீ வைத்துக் கருக்குவதையே காட்டுகிறார்கள். ஆனால் வருஷக்கணக்கில் பீப்பாய் தூங்குவது பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான்.

பார்ட்ஸ்டவுன் பக்கம் பல மாடிக் கிடங்குகளை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். ஆவியாகும் சாராயத்தைத் தின்று வளரும் ஒரு பூஞ்சை, சுவரையும் பக்கத்து மரங்களையும் கரி அப்பியது போல் ஆக்கியிருக்கும். உள்ளே நுழைந்தால் மங்கல் வெளிச்சம், பழைய மரமும் வெனிலாவும் கலந்த வாசனை. கோடையில் மேல்மாடி கொதிக்கும். அங்கே சாராயத்தைவிடத் தண்ணீர் அதிகம் ஆவியாவதால் சரக்கில் ஆல்கஹால் அளவு ஏறும். கீழ்மாடிப் பீப்பாய் நிதானமாக முதிரும். ஒரே நாளில் நிரப்பியதுதான், மாடி மாறினால் ருசி மாறிவிடும்.

இவ்வளவு சாராயத்தை ஒரே இடத்தில் அடுக்குவதில் ஆபத்தும் உண்டு. 1996 நவம்பரில் பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில் ஆலை எரிந்தபோது ஏழு கிடங்குகளும் சுமார் 90,000 பீப்பாய்களும் போயின. 1999இல் அவர்கள் லூயிவில்லில் பெர்ன்ஹைம் ஆலையை வாங்கிக் காய்ச்சும் வேலையை அங்கே வைத்துக்கொண்டார்கள். பார்ட்ஸ்டவுனில் கிடங்குகள் தொடர்ந்தன.

என் மனைவி குடிக்க மாட்டாங்க, ரெண்டு பசங்க வேற. பார்ட்ஸ்டவுன் போரடிக்குமா?

அடிக்கும். டூர்கள் சாயங்காலம் அஞ்சு மணியோடு முடிந்துவிடும். அப்புறம் 1779ஆம் வருஷத்து ஓல்ட் டால்பட் டேவர்னில் சாப்பிட்டால் அன்றைய பொழுது சரி. பசங்களோடு வந்தால் லூயிவில்லில் தங்குங்க: முகமது அலி சென்டர் இருக்கிறது, ஸ்லகர் மியூசியத்தில் 120 அடி உயர பேஸ்பால் மட்டை வாசலில் சாய்ந்து நிற்கிறது.

ஒருநாள் மட்டும் லொரெட்டோ என்ற ஊரில் மேக்கர்ஸ் மார்க் டிஸ்டில்லரிக்குப் போய் வாருங்கள். ஊறல் தொட்டிப் பக்கம் நின்றால் புளித்த இட்லி மாவு வாசனை வரும். உங்கள் மனைவிக்குக்கூடப் பிடிக்கும். பாட்டில் வாங்கினால் ஏப்ரன், கையுறை மாட்டிவிடுவார்கள். உருகிய சிவப்பு மெழுகில் கழுத்துவரை முக்கி, தூக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி நிமிர்த்த வேண்டும். மெழுகு வழிந்தால்தான் அழகு.

சைவச் சாப்பாடு?

லூயிவில். பார்ட்ஸ்டவுன் என்றால் பொடி, ஊறுகாய் கையோடு எடுத்துட்டுப் போங்க.

எந்த மாசம் வரலாம்?

அக்டோபர். மே முதல் சனிக்கிழமை கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம். லூயிவில்லில் அறை வாடகை கண்ணைக் கட்டும். செப்டம்பரில் பார்ட்ஸ்டவுனில் போர்பன் திருவிழா, அங்கே அதே கதை. ஜூலை, ஆகஸ்டில் பராமரிப்புக்காகச் சில இடங்களில் காய்ச்சுவதை நிறுத்திவிடுவார்கள். டூர் நடக்கும், கொப்பரை சும்மா இருக்கும்.

பஃபலோ ட்ரேஸ் பக்கத்துல தங்கணும். பாப்பி வான் விங்கிள் கிடைக்குமா அக்கா இல்ல அண்ணா?

அண்ணாதான். பாப்பி அபூர்வமான போர்பன், பஃபலோ ட்ரேஸ் ஆலையில்தான் காய்ச்சுகிறார்கள், ஆனாலும் கிடைக்காது. அந்த ஆலை இருப்பது கென்டக்கியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில். இரண்டு ஊரிலிருந்தும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதை வைத்து ஊரை முடிவு செய்ய வேண்டாம். டூர் இலவசம் என்பதால் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள்.

சென்னைக்கு எத்தனை பாட்டில் கொண்டு போகலாம்?

இந்தியாவில் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். செக்-இன் பெட்டியில் வையுங்கள். லேபிளில் 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் என்று போட்டிருந்தால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். அதை இங்கேயே குடித்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.