டைல்ஸில் இருக்கும் வசனம்

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலத்தவர்களுக்காக மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் தேவனுடைய பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று வாசலில் வசனம் பதித்த டைல்ஸ் ஒட்டினேன். பைக்கிலும் எழுதியிருக்கிறேன். என் மகனோ, "வர்றவங்க வசனத்தைப் படிக்கிறதில்லப்பா, ரேட்டைத்தான் படிக்கிறாங்க" என்று கேலி செய்கிறான். நம் அடையாளத்தை இன்னும் எப்படித்தான் வெளிப்படுத்துவது?
- ஒரு வாசகர், தோட்டப்பாளையம்

பதில்: உங்கள் மகன் கேலி செய்யவில்லை சகோதரரே, நடப்பதைச் சொல்லியிருக்கிறார். ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ரயிலில் காட்பாடி வந்து இறங்குகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் வாசிக்கக்கூடியவை இரண்டுதான்: நீங்கள் விரல் விட்டுச் சொல்லும் வாடகை, அப்புறம் உங்கள் முகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நல்லது செய்து யாரும் தேவனுடைய பிள்ளை ஆவதில்லை. பவுல் ரோமர் 8-ல் சொல்வது 'புத்திரசுவிகாரம்'. அதாவது தத்து. தத்துப்பிள்ளை தன் தகுதியைக் காட்டி வீட்டுக்குள் வருவதில்லை. தகப்பன் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அதே வசனத்தில் அடிமைத்தனத்தின் ஆவியையும் பயத்தையும் சேர்த்துப் பேசுகிறார், கவனித்தீர்களா? சொந்த வீட்டில் இருக்கும் பிள்ளை 'நான் இந்த வீட்டுப் பிள்ளை' என்று சட்டையில் எழுதிக்கொண்டு திரிவதில்லை. அதற்குச் சொம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். விருந்தாளி வந்தால் யாரும் சொல்லாமலே தண்ணீர் மொண்டு வரும். சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய குமாரன் உவமையில் மூத்தவன் ஒருவன் வருகிறானே, தான் இத்தனை வருஷம் உழைத்ததைச் சொல்லிக்காட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். உங்கள் கடிதத்தில் அவன் குரல் கொஞ்சம் கேட்கிறது. கோபிக்க வேண்டாம்.

இயேசு அடையாளம் சொல்லாமலும் விடவில்லை. மத்தேயு 5-ல் பிதாவுக்குப் புத்திரராயிருப்பது எப்படி என்று சொன்ன கையோடு, அவர் நல்லோர் தீயோர் இருவர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணி மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்கிறார். வருஷத்தில் பாதி நாள் பாலாற்றில் மணலையே பார்க்கிற நமக்கு மழையின் அருமையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆள் பார்த்துப் பெய்யாததுதான் அங்கே தகப்பனின் ஜாடை. பிள்ளைக்கும் அந்த ஜாடை இருக்க வேண்டும்.

சரி, உங்கள் மாடிக்கு வருவோம். 1900-ல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் நம் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதால்தான் இன்று அத்தனை தூரத்திலிருந்தும் ஜனங்கள் நம் ஊருக்கு வருகிறார்கள். 'ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய' என்ற வசனத்தைத்தான் அந்த ஆஸ்பத்திரி தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. உங்கள் வாடகை வருமானத்துக்கு வேர் அந்தக் கட்டிலில் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். ஆபரேஷன் தள்ளிப்போய் நான்கு நாள் கூடுதலாகத் தங்குகிறவரிடம் அந்த நான்கு நாளுக்கு என்ன ரேட்? ஒரு பக்கெட் வெந்நீருக்குத் தனிக் காசா? நோயாளி இறந்து, மாதத்தின் பாதியிலேயே அறையைக் காலி செய்கிறவருக்கு மீதி அட்வான்ஸ் கைக்குப் போகிறதா, இல்லை 'பெயிண்ட் செலவு' என்று நின்றுவிடுகிறதா? கேட்டுக்கு எத்தனை மணிக்குப் பூட்டு? ஐசியூ வாசலிலிருந்து நடு இரவில் திரும்புகிறவர் யாரை எழுப்ப வேண்டும்?

டைல்ஸைப் பெயர்க்கச் சொல்லவில்லை, இருக்கட்டும், காசு கொடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். இன்று சாயங்காலம் ஒரு சொம்பு தண்ணீரோடு மாடி ஏறிப் போங்கள். பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம். இத்தனை வருஷம் வாடகை கேட்டு வாங்கியிருக்கிறீர்கள், 'பானி' என்று சொல்லவா தெரியாது?