பொத்தானை அழுத்தினால் படம் வர வேண்டும்

கேள்வி: என் மாமனாருக்கு 81 வயது. போன பொங்கலுக்கு 43 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கினோம். செய்தி பார்க்க உட்கார்ந்தால் முதலில் ஏதேதோ படங்களின் விளம்பரம்தான் வருகிறது. ஒரு நாள் ‘அப்டேட்’ என்று சொல்லி வெகுநேரம் திரை இருண்டே கிடந்தது. பழைய மாதிரி டிவி இப்போது கிடைக்காதா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கிடைக்கும் அம்மா. ஆனால் கடைக்குப் போகுமுன், வீட்டில் இருப்பதையே வழிக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

இந்தத் தொல்லையை முத்தியால்பேட்டையில் என் வீட்டிலேயே பட்டிருக்கிறேன். ரிமோட்டின் அடியில் செயலிகளுக்கென்று நான்கு பொத்தான்கள். சத்தத்தைக் குறைக்கப் போகும் அம்மாவின் கட்டைவிரல் கொஞ்சம் வழுக்கினால் போதும், பார்த்துக்கொண்டிருந்த கோயில் பூஜை மறைந்து, திரை கடவுச்சொல் கேட்கும். “நான் எதையோ கெடுத்துவிட்டேனப்பா” என்று தப்பு செய்தவர் போல என்னைக் கூப்பிடுவார். அவரை அப்படிச் சொல்ல வைத்த பொருளின் மீது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. அந்த நான்கு பொத்தான்கள் மீதும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினேன். அதிலேயே பாதித் தொல்லை போயிற்று.

மீதிப் பாதிக்கு, டிவியின் அமைப்புகளில் போய் வைஃபை இணைப்பை நீக்கிவிடுங்கள். இணையம் இல்லையென்றால் புது விளம்பரமும் வராது, அப்டேட்டும் வராது. கூகுள் டிவி வகையாக இருந்தால், அமைப்புகளை முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்கும்போது (ஃபேக்டரி ரீசெட்) ‘பேசிக் டிவி’ என்ற தேர்வு வரும், அதை எடுங்கள். டிவியைப் போட்டதும் கடைசியாகப் பார்த்த எச்டிஎம்ஐ இணைப்புக்கே (செட்டாப் பாக்ஸ் வயர் மாட்டும் துளை) போகச் செய்யும் வசதியும் பலவற்றில் உண்டு.

வைஃபையை நீக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. திரையில் ஓடுவது என்னவென்று கண்டறிந்து நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாடு பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கிறது. அனுமதி கேட்காமல் இப்படித் திரட்டிய வழக்கில் அமெரிக்காவின் விஸியோ நிறுவனம் 2017இல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. உங்கள் மாமனார் எந்தச் செய்தியை எத்தனை நேரம் பார்க்கிறார் என்பது அடுத்தவருக்கு எதற்கு?

புதிதாகத்தான் வாங்குவதென்றால், 24, 32 அங்குலங்களில் சாதாரண எல்இடி டிவி இன்னும் விற்கிறார்கள். லாரன்ஸ் சாலைக் கடையில் முன்வரிசையில் அதைத் தேடாதீர்கள். “இணையம் இல்லாதது வேண்டும்” என்று அழுத்திக் கேளுங்கள். ‘எச்டி ரெடி’ என்று போட்டிருக்கும்; ஃபுல் எச்டியை விடத் தெளிவு கொஞ்சம் குறைவு. செய்தி பார்க்க அது தாராளம். அட்டைப்பெட்டியில் ஸ்மார்ட், ஆண்ட்ராய்டு என்ற சொற்கள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கணினி மானிட்டரையே டிவியாக வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாக. அம்மாவின் அறையில் இப்போது இருப்பது 27 அங்குல மானிட்டர்தான். செட்டாப் பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் மட்டும் உள்ள பழைய பெட்டி என்றால் நடுவில் அதை எச்டிஎம்ஐயாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும்; படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது, இருந்தாலும் சத்தம் போதாது. நான் பெட்டியின் ஆடியோ துளையிலிருந்து சிறிய ஸ்பீக்கர் இரண்டுக்கு வயர் இழுத்திருக்கிறேன்.

பெட்டியைப் போட்டதும் மானிட்டர் தானாகவே விழித்துக்கொள்கிறது. அணைப்பதில்தான் சிறு சிக்கல்: சில பெட்டிகள் ரிமோட்டில் அணைத்த பிறகும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், திரை தூங்காது. எங்கள் பெட்டியும் அந்த வகைதான். இரண்டையும் ஒரே ஸ்விட்சில் மாட்டி, அதை அம்மாவின் கட்டிலருகே கை எட்டும் உயரத்தில் வைத்துவிட்டேன்.