வாசகர் கேள்வி – பதில்: சாவுக் கணக்கில் வயது எங்கே?

கேள்வி: அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், சம்டர் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) வீடு வாங்கத் தம்பி பார்க்கிறான். இறப்பு விகிதத்தில் அந்தக் கவுன்டி மாநிலத்தின் முன்வரிசையில் இருக்கிறதே, தண்ணீர், காற்றில் ஏதும் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் வேண்டியதில்லை, வயதே போதும். ‘தி வில்லேஜஸ்’ என்ற ஓய்வுபெற்றோர் குடியிருப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கவுன்டி மக்களில் பாதிக்கும் மேல் 65ஐத் தாண்டியவர்கள். நீங்கள் பார்த்தது கச்சா விகிதம், அதாவது மொத்த இறப்பை மொத்த மக்கள்தொகையால் வகுத்தது. வயது சரிசெய்த விகிதத்தைப் பாருங்கள்.

கற்பனையாக, லட்சம் பேர் கொண்ட இரண்டு கவுன்டிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் 65க்கு மேல் 50,000 பேர். அவர்களிடையே விகிதம் லட்சத்துக்கு 3,500, இளையவர்களிடையே 300. மொத்த இறப்பு 1,900. இரண்டாவதில் முதியவர்கள் 15,000 பேர்தான், ஆனால் விகிதங்கள் 4,500, 400. மொத்தம் 1,015. எந்த வயதை எடுத்தாலும் இரண்டாவதே மோசம், கச்சா விகிதமோ அதைத்தான் நல்ல ஊராகக் காட்டுகிறது. இப்போது இரண்டுக்கும் ஒரே வயதுப் பங்கீட்டைக் கொடுங்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் தர மக்கள்தொகைதான் அளவுகோல், அதில் முதியோர் ஏறக்குறைய 13 சதவீதம். முதல் கவுன்டிக்கு 0.87 × 300 + 0.13 × 3,500 = 716. இரண்டாவதற்கு 933. வரிசை தலைகீழாகிவிட்டது. நடைமுறையில் இரண்டு வயதுப் பிரிவுகள் அல்ல, வழக்கமாகப் பதினொன்று.

கேள்வி: வயதைச் சரிசெய்த பிறகும் யூனியன் கவுன்டி மிக உயரத்தில் நிற்கிறது. ஏன்?

பதில்: அங்கே லேக் பட்லர் ஊரருகே மாநிலச் சிறைத்துறையின் மருத்துவ மையம் இருக்கிறது. ஃப்ளோரிடாவின் பல பகுதிகளிலிருந்தும் கடும் நோயாளிக் கைதிகள் அங்கே கொண்டுவரப்படுகிறார்கள். அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் இறப்பு, உயிர் பிரிந்த இடத்தின் கணக்கில் அல்ல, வசித்த கவுன்டியின் கணக்கில்தான் சேர்க்கப்படும். ஆனால் சிறை, முதியோர் இல்லம் போன்றவற்றில் நெடுநாள் இருந்தவருக்கு அந்த நிறுவனமே வசிப்பிடம். கவுன்டியின் மொத்த மக்களே பதினைந்தாயிரத்தை ஒட்டித்தான் என்பதால் கைதிகளின் சாவு மொத்தக் கணக்கையே தூக்கிவிடுகிறது. இதைக் கவனிக்காமல் ‘புற்றுநோய்க் கவுன்டி’ என்று தலைப்புப் போடுவது அவசரம்.

கேள்வி: சின்னக் கவுன்டிகளில் ஆண்டுக்கு ஆண்டு விகிதம் குதிக்கிறதே?

பதில்: குதிக்கத்தான் செய்யும். லிபர்ட்டி கவுன்டியில் சுமார் 8,000 பேர். ஆண்டுக்கு 80 இறப்பு என்று வையுங்கள். தற்செயல் ஏற்றத்தாழ்வு தோராயமாக அதன் வர்க்கமூலம், 9. அதன் இருமடங்கு வரை, அதாவது 62 முதல் 98 வரை எது வந்தாலும் அதில் செய்தி இல்லை. ஐந்து ஆண்டுகளைச் சேர்த்தால் 400, பிசகு பத்து சதவீதத்துக்குள் அடங்கும். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் ‘வொண்டர்’ தரவுத்தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்து, கவுன்டிவாரியாகப் பிரித்து, வயது சரிசெய்த விகிதத்தைக் கேளுங்கள். அங்கே 10க்குக் கீழான எண்ணிக்கை மறைக்கப்படும். 20க்குக் கீழ் இறப்பு இருந்தால் விகிதம் ‘நம்பத்தகாதது’ என்று குறிக்கப்படும். மறைத்த கட்டத்தைப் பூஜ்யம் என்று நிரப்பிவிடாதீர்கள். அடிக்கடி நடக்கும் தப்பு இது.

கேள்வி: இதையெல்லாம் கழித்த பிறகு உண்மையான வித்தியாசம் மிஞ்சுமா?

பதில்: நிறையவே மிஞ்சும். வடக்கே புட்னம் போன்ற வசதி குறைந்த கவுன்டிகளுக்கும் தென்மேற்கின் செல்வச்செழிப்பான காலியருக்கும் இடையே பெரிய இடைவெளி. வருமானம், புகைப்பழக்கம், மருத்துவக் காப்பீடு, அளவுமீறிய போதைமருந்தால் வரும் சாவு எல்லாம் அதில் சேரும். ஆனால் காலியருக்கும் சம்டருக்கும் குடிபெயர்கிறவர்கள் பெரும்பாலும் பணமும் ஓரளவு உடல்நலமும் உள்ளவர்கள். இப்படி வசதியும் நலமும் உள்ளவர்களே வந்து சேர்வதன் விளைவை வயதைச் சரிசெய்வது நீக்காது. ஆகவே சம்டரின் சரிசெய்த விகிதம் குறைவு என்பதற்காகத் தம்பி அங்கே வீடு வாங்க வேண்டாம்; ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், காப்பீடு அங்கே செல்லுமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.