அழித்த குக்கீ திரும்பி வருவது ஏன்?

'மொழி' என்ற குக்கீயை (தளம் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு தகவல்) முகப்புப் பக்கத்தில் அழித்த பிறகும் /கடை/பட்டியல் பக்கத்தில் பழைய மதிப்பே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் காட்டிய ஜாவாஸ்கிரிப்ட் வரியில் பாத் (தளத்தின் எந்தப் பகுதிக்கு அந்தக் குக்கீ பொருந்தும் என்ற குறிப்பு) இல்லை. கோளாறு அங்கேதான்.

பாத் கொடுக்காவிட்டால், பக்க முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை பிரவுசர் எடுத்துக்கொள்ளும். பட்டியல் பக்கத்தில் எழுதிய குக்கீயின் பாத் /கடை ஆகிவிட்டது. முகப்பில் ஓடும் அழிப்பு வரியோ / பாத்தைத்தான் தொடுகிறது. பெயர், டொமைன் (தளத்தின் பெயர்), பாத் மூன்றும் ஒத்தால்தான் அது அதே குக்கீ. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் நீளமான பாத் உள்ளது முதலில் வரும். அதனால்தான் கடைப் பக்கத்தில் பழையது ஜெயிக்கிறது.

எழுதும்போதும் அழிக்கும்போதும் பாத்=/ என்று கட்டாயம் கொடுங்கள். அழிக்க, மேக்ஸ்-ஏஜ்=0 (குக்கீயின் ஆயுள் பூஜ்ஜியம்) போதும். பழைய குக்கீ ஏற்கெனவே பயனர்களிடம் இருப்பதால், பாத்=/கடை என்று இன்னொரு அழிப்பு வரியும் சேருங்கள். முகப்பிலிருந்தே அது வேலை செய்யும். எழுதியபோது டொமைன் கொடுத்திருந்தால் அதையும் அப்படியே கொடுக்க வேண்டும்.

ஸ்கிரிப்டில் குக்கீகளைப் படிக்கும் டாக்குமென்ட்.குக்கீ, பெயரையும் மதிப்பையும் மட்டுமே காட்டும், அதை நம்பித் தேடாதீர்கள். குரோமில் எஃப்12 அழுத்தி, அப்ளிகேஷன் தாவலில் பாத் நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே எச்டிடிபிஒன்லி (ஸ்கிரிப்ட் தொடக் கூடாது என்ற அடையாளம்) டிக் ஆகியிருந்தால் ஸ்கிரிப்டால் எதுவும் செய்ய முடியாது. சர்வர்தான் அழிக்க வேண்டும்.

இன்னொன்று: ஸ்கிரிப்ட் எழுதும் குக்கீயை சஃபாரி 7 நாளுக்கு மேல் வைத்திருக்காது. மொழித் தேர்வு நீடிக்க வேண்டுமானால் சர்வரிலிருந்தே அனுப்புங்கள்.